பழைய இரும்புக்காரர் விட்டுப்போகும் சாமான்

பாடசாலைக் கண்காட்சி என்றால் "கழிவுப்பொருள் ஆக்கம்" என்று ஒரு மேசை கட்டாயம் இருக்கும். இலங்கையின் கிழக்குக் கரையில், வாகரையில் இருந்து பொத்துவில் வரைக்கும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. போத்தல் அடியை வெட்டி விரித்த தாமரை, யோகட் கோப்பையைக் கோத்த தோரணம், பழைய சீடி ஒட்டின மயில், ஐஸ்கிறீம் குச்சியில் இரண்டு மாடி வீடு. பிள்ளைகளின் கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் பரிசளிப்பு முடிந்து இரண்டு கிழமைக்கு அது ஏதோ ஓர் அலுமாரிக்கு மேலே தூசி பிடிக்கும். தவணை முடிவுச் சிரமதானத்தில் பின்வளவுக் கிடங்குக்குப் போய்விடும். இதற்குள் பசையும் பெயின்ரும் மினுக்கமும் ஏறிவிட்டதால் வெறும் போத்தலாகக்கூட அதை யாரும் எடுக்க மாட்டார்கள். கழிவு குறைந்ததா என்றால் இல்லை, தரம் கெட்டுப்போய் அதே இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது.

பிள்ளைகளுக்குக் கற்பனை போதவில்லை என்பதல்ல இதற்குக் காரணம். "இந்தப் போத்தலில் என்ன செய்யலாம்?" என்று தொடங்கினால் அலங்காரப் பொருளில்தான் போய் முடியும். "இந்த ஊரில் ஆட்கள் காசு கொடுத்து வாங்குகிற, தினமும் கையில் எடுக்கிற சாமான் எது? அதில் எதை இங்கே கிடக்கிற குப்பையால் செய்யலாம்?" என்று தொடங்கினால் வேறு பொருள்கள் வரும். அப்படி வருகிற பொருள்களை ஒருவர் தனியே இருந்து செய்ய முடியாது. சேர்க்க ஆள் வேண்டும், கழுவ ஆள் வேண்டும், வெட்ட, தைக்க, பாரம் தொங்கவிட்டுப் பார்க்க ஆள் வேண்டும். இந்த வகை முயற்சிகள் பெரும்பாலும் கைத்திறன் குறைந்து நிற்பதில்லை, வேலையைப் பங்கு பிரிக்காததால்தான் நின்றுபோகின்றன.

விலை போவதை விற்றுவிடுங்கள்

பழைய இரும்பு, காட்போட், போத்தல் வாங்க சைக்கிளிலோ ஓட்டோவிலோ வருகிறவரைக் கவனித்தால் முதல் பாடம் கிடைத்துவிடும். இரும்பு, செம்பு, அலுமினியம், காட்போட், பியர்ப் போத்தல், உடைந்த கதிரை, வாளி இவற்றை அவர் எடுப்பார். சில இடங்களில் வெள்ளைத் தண்ணீர்ப் போத்தலும் எடுபடும். பிஸ்கட் உறை, நூடில்ஸ் உறை, மெல்லிய சொப்பிங் பேக், கிழிந்த உரபேக், தையல்கடை வெட்டுத்துண்டு, ஒட்டுப்போட்டு அலுத்த சைக்கிள் ரியூப் இவற்றைத் திரும்பியும் பார்க்க மாட்டார். ஒரு குழு கை வைக்க வேண்டியது இந்த இரண்டாவது கூட்டத்தில்தான். முதல் கூட்டத்துக்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. அதை விற்று, வருகிற காசில் நூலும் ஊசியும் வாங்குவதுதான் புத்தி.

பிஸ்கட் உறையை ஏன் யாரும் எடுப்பதில்லை? அது ஒரே பொருள் இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் படலங்கள் இரண்டு மூன்று ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், உட்பக்கம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய அலுமினியப் பூச்சு இருக்கும். இவற்றைப் பிரித்து உருக்குகிற செலவு, கிடைக்கிற பிளாஸ்டிக்கின் விலையைத் தாண்டிப் போகும். சட்டமும் இங்கே கை வைக்கவில்லை. 2017 செப்டெம்பரில் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீன், லஞ்ச் சீற், ரெஜிபோம் சோற்றுப்பெட்டி தடைசெய்யப்பட்டன. 2021 மார்ச்சில் சின்னச் சாஷேக்கள் தடையாகின, ஆனால் உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய், கரண்டி, மாலை, இடியப்பத் தட்டு என்று பட்டியல் நீண்டது. பிஸ்கட் உறை மட்டும் இன்றைக்கும் கடைவாசலில் தோரணமாகத் தொங்குகிறது.

அது கடைசியில் போய்ச் சேரும் இடத்தையும் இந்தப் பகுதி அறியும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று, எட்டு வருடத்தில் ஏறத்தாழ 20 யானைகள் செத்ததாக 2022 தை மாதம் உலகச் செய்திகளில் வந்தது. சாப்பாட்டு வாசம் பிடித்த உறையும் சாப்பாடும் யானைக்கு ஒன்றுதான். ஆகவே கழுவாத உறையை மூட்டையாகக் கட்டி "பிறகு பார்ப்பம்" என்று வெளியே வைப்பதும் ஆபத்து.

தொடவே கூடாதவையும் உண்டு. பூச்சிமருந்துப் போத்தல், களைநாசினி கான், ஊசி, மருந்துப் பைக்கற்று, பற்றரி, ரியூப்லைற், உடைந்த அஸ்பெஸ்ரஸ் சீற். வெள்ளாமைக் காலத்தில் களைநாசினி கான்கள் வாய்க்கால் ஓரம் பளபளவென்று கிடக்கும். மண்ணெண்ணெய் எடுக்கலாம், பூச்சாடி வைக்கலாம் என்று ஆசை வரும். எத்தனை தரம் கழுவினாலும் அந்தக் கான் வீட்டுக்குள் வரக் கூடாது.

பிளாஸ்டிக்கின் இனம் தெரியாவிட்டால் ஒரு வாளித் தண்ணீர் போதும். ஒரு துண்டை நறுக்கி, சவர்க்காரத் துளி விட்ட தண்ணீரில் அமிழ்த்தி விடுங்கள். மிதந்தால் பொலித்தீன் அல்லது பொலிபுரொப்பிலீன்: சொப்பிங் பேக், மூடி, உரபேக், யோகட் கோப்பையில் சில. அமிழ்ந்தால் தண்ணீர்ப் போத்தலின் பெற் (PET) வகை, பொலிஸ்ரைரீன், இல்லையென்றால் பீவீசீ. பீவீசீ பைப் துண்டை எந்தக் காரணத்துக்காகவும் சூடாக்கக் கூடாது, அதிலிருந்து எழும் ஆவி நெஞ்சை அரிக்கும். போத்தலும் மூடியும் வேறு வேறு இனம் என்பது இந்த வாளிச் சோதனையில்தான் பலருக்கும் முதன்முதலில் தெரியவரும்.

தரம்பிரிக்கும் வாளிகளுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் நிறங்களையே வைத்துக்கொள்வது நல்லது: உக்கும் கழிவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்கும் சிரட்டைக்கும் கபிலம். பாடசாலையில் பிள்ளைகள் பார்த்துப் பழகின நிறம் என்பதால் புதிதாக விளக்கத் தேவையில்லை.

உரபேக்கில் ஒரு சந்தைப் பை

வெள்ளாமை செய்கிற ஊருக்கு உரபேக் வற்றாத மூலப்பொருள். பெரும்போகத்துக்கு உரம் எறிந்த பிறகு ஒவ்வொரு வளவிலும் பத்து இருபது கிடக்கும். இரண்டு மூன்றை நெல்லுக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை வேலியில் தொங்கவிடுவார்கள். கெடுவது அங்கேதான். உரபேக் பொலிபுரொப்பிலீன் நாடாவில் நெய்தது, அந்த நாடா வெயிலுக்கு ஆகாது. சில மாதம் வேலியில் காய்ந்த பேக் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தைத்துப் பாரம் ஏற்றின அன்றே பிளந்துவிடும். சேர்க்கப் போகிறவர் கையில் ஒரு சோதனை இருக்க வேண்டும். பேக்கின் ஒரு மூலையை மடித்து, மடிப்பைப் பெருவிரலால் பத்துத் தரம் அழுத்தித் தேய்க்க வேண்டும். விரலில் வெள்ளைத் தூள் ஒட்டினாலோ நாடா பிசிராகப் பிய்ந்தாலோ அந்தப் பேக் வேண்டாம். "சும்மா தாறாங்க, எடுப்பம்" என்று அள்ளிக்கொண்டு வந்தால் கழுவுகிறவரின் ஒரு நாள் வீண்.

யூரியா தண்ணீரில் கரையும் என்பதால் கழுவுவது சுலபம். பேக்கின் உட்பக்கம் வெளியே வரத் திருப்பி, உள்ளே பொலித்தீன் பை இருந்தால் அதைத் தனியே உருவி எடுத்து, 200 லீற்றர் பீப்பாவில் பத்துப் பேக் வீதம் ஓர் இரவு ஊறவிட வேண்டும். காலையில் சலவைத்தூளோடு ஒரு தரம் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசினால் போதும். முதல் ஊறல் தண்ணீரைக் கிணற்றடியிலோ வாவிக்கரையிலோ கொட்டக் கூடாது. அதில் இருப்பது உரம், வாவியில் சேர்ந்தால் பாசிதான் செழிக்கும். இரண்டு மடங்கு தண்ணீர் கலந்து தென்னைக்கும் வாழைக்கும் வட்டமாக ஊற்றலாம், தண்டில் படாமல். காய வைப்பது நிழலில். இங்கே கார்த்திகையும் மார்கழியும் அடைமழை என்பதால் கழுவும் வேலையை வைகாசி முதல் ஆவணிக்குள் முடித்து, காய்ந்ததை அடுக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஈரப் பேக்கை மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளி விழும், அந்தப் புள்ளி பிறகு போகாது.

50 கிலோ பேக் ஒன்று குழாய்போல் நெய்து அடியில் தைத்தது. அடித்தையலையும் பிசிர்ந்த வாயையும் வெட்டி எறிந்து, ஒரு பக்கத்தை நீளமாகப் பிளந்து விரித்தால் ஏறத்தாழ 115 சென்ரிமீற்றர் அகலமும் 90 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள ஒரு விரிப்பு கிடைக்கும். கம்பனிக்குக் கம்பனி இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கூடிக் குறையும். இதில் 52-க்கு 50 அளவில் இரண்டு துண்டு, முன்னுக்கும் பின்னுக்கும். பிடிக்கு 10-க்கு 60 அளவில் இரண்டு கீற்று. மிச்சத்தில் ஓர் உள்பொக்கற்று. வெட்டுவதற்குக் காட்போட் அச்சு ஒன்று வைத்துக்கொண்டு, பேக்கில் அச்சடித்த படம் துண்டின் நடுவில் விழும்படி அச்சை நகர்த்த வேண்டும். இது அழகுக்கு மட்டும் இல்லை. வாங்குகிற ஆள் முதலில் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். உரபேக்கை விட அரிசி ஆலைப் பேக்கில் நிறம் கூட, ஆனால் மினுக்கத் தாள் ஒட்டின அரிசிப் பேக் மடிப்பில் வெடிக்கும், அதை இறுக்கி மடித்து வைக்கக் கூடாது.

கத்தரிக்கோலால் வெட்டின ஓரம் பிசிர்ந்துகொண்டே போகும். சூடான ஈயப்பற்று இரும்பின் நுனியை ஓரத்தில் இழுத்தால் நாடாக்கள் உருகி ஒட்டிக்கொள்ளும். பொலிபுரொப்பிலீன் 160 பாகை சொச்சத்தில் உருகும், அதற்கு மெழுகுதிரியே போதும், ஆனால் சுவாலை ஓடிப் பிடித்துவிடும். இரும்பே நல்லது, அதுவும் வெளியில், காற்றோட்டமான இடத்தில். பிள்ளைகள் இருக்கிற குழுவில் இந்த ஒரு வேலை பெரியவர் கையில்தான்.

தையல் மெசினில் 16 அல்லது 18 இலக்க ஊசி, பொலியெஸ்ரர் நூல். பருத்தி நூல் ஈரத்தில் உக்கிவிடும். பழக்கத் தோசத்தில் நெருக்கமாகத் தைப்பதுதான் இந்த வேலையில் பெரிய பிழை. துணியில் நெருக்கத் தையல் பலம். உரபேக்கில் ஒவ்வொரு ஊசிக் குத்தும் நாடாவை அறுக்கிறது. நாடா 3 மில்லிமீற்றர் அகலம்தான், 2 மில்லிமீற்றருக்கு ஒரு குத்து விழுந்தால் தபால் முத்திரை கிழிக்கிற ஓட்டை வரிசை மாதிரி ஆகிவிடும். பாரம் ஏறினவுடன் தையல் வழியே நேராகக் கிழியும். தையல் நீளத்தை 4 மில்லிமீற்றருக்குத் திருப்பி, ஒரே கோட்டில் இரட்டையாகத் தைக்காமல், 5 மில்லிமீற்றர் தள்ளி இரண்டாவது கோடு ஓட்ட வேண்டும். குண்டூசி குத்திப் பிடிக்கவும் கூடாது, அதன் ஓட்டையும் ஓட்டைதான். உடுப்புக் காயப்போடுகிற கிளிப் நாலைந்து போதும்.

இரண்டு பக்கமும் அடியும் ஒன்றரை சென்ரிமீற்றர் உள்வாங்கித் தைத்த பிறகு, அடி மூலை இரண்டையும் முக்கோணமாக இழுத்து, முனையிலிருந்து 7 சென்ரிமீற்றர் உள்ளே குறுக்கே தைக்க வேண்டும். அங்கே குறுக்கு அகலம் 14 சென்ரிமீற்றர் வரும். பை தானாக நிற்கிற அடி அதுதான். வாயை 1 சென்ரிமீற்றரும் பிறகு 3 சென்ரிமீற்றரும் மடித்தால் முடிந்த பை ஏறத்தாழ 35 அகலம், 37 உயரம், 14 ஆழம். பிடிக்கீற்றை இரண்டு ஓரமும் நடுவுக்கு மடித்து, மீண்டும் இரண்டாக மடித்தால் 2.5 சென்ரிமீற்றர் அகலத்தில் நாலு மடிப்பு வரும். பையைப் படுக்க வைத்து, பக்கத் தையலிலிருந்து 16 சென்ரிமீற்றர் உள்ளே பிடியின் நடு விழ வேண்டும். பிடி முனை வாயின் மேலோரத்திலிருந்து 5 சென்ரிமீற்றர் கீழே இறங்கி, அதன் மேல் சதுரமும் சதுரத்துக்குள் பெருக்கல் குறியும் தைக்க வேண்டும். அந்த இடத்தில் ஏழு மடிப்பு வரை வரும். காலால் மிதித்தால் ஊசி முறியும். சில்லைக் கையால் சுற்றித் தைப்பதுதான் வழி.

பிறகு பாரம். 10 கிலோ அரிசியை உள்ளே வைத்து ஓர் இரவு தொங்கவிட்டு, காலையில் ஐம்பது தரம் தூக்கி வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பையையும் இல்லை, இருபதில் ஒன்றை. அந்த ஒன்று தோற்றால் இருபதும் திரும்ப மெசினுக்கு.

எட்டுப் பேர், இரண்டு மெசின்

மாதர் சங்கங்களில் வழக்கமாக நடப்பது இது: எட்டுப் பேரும் சுற்றியிருந்து, ஆளுக்கொரு பை தொடக்கம் முதல் முடிவு வரை செய்வார்கள். பார்க்கச் சமத்துவம், ஆனால் எட்டு விதமான பை வரும். ஒருவரின் பிடி நீளம், இன்னொருவரின் அடி கோணல். வாங்க வந்த கடைக்காரர் பத்துப் பை ஒரே அளவில் கேட்டால் கொடுக்க முடியாது.

நேரத்தை எண்ணிப் பார்த்தால் பங்கு தானாகவே தெரியும். அச்சு வைத்து வெட்ட ஒரு பைக்கு ஆறு நிமிடம் என்று வையுங்கள், தைக்கப் பழகின கைக்கு அரை மணித்தியாலம். ஆக, வெட்டுகிற ஒருவர் ஐந்து மெசினுக்குத் துண்டு போட முடியும். மெசின் இரண்டுதான் என்றால் அவர் கிழமையில் இரண்டு நாள் வெட்டினாலே மிச்சம். மற்ற நாளில் ஓரம் உருக்கவோ பிடி மடிக்கவோ அவரை விடலாம். எட்டுப் பேரில் இருவர் சேர்ப்பதும் கழுவுவதும், ஒருவர் வெட்டும் உருக்கும் வேலை, இருவர் மெசினில், ஒருவர் பிடி மடித்து நூல் நறுக்குவது, ஒருவர் சோதனை, ஒருவர் கணக்கும் விற்பனையும். மாதம் ஒரு தரம் இடம் மாற்றிக்கொள்ளலாம். கழுவுகிற வேலை யாருக்கும் பிடிக்காது. அதை ஒருவர் தலையிலேயே கட்டினால் மூன்றாம் மாதம் அவர் வர மாட்டார், குழுவும் அதோடு நிற்கும். கூலியை முடிந்த பைக்கு என்று இல்லாமல் மணித்தியாலத்துக்கு என்று பிரித்தால் கழுவுகிறவருக்கும் நியாயம் கிடைக்கும்.

சோதனை செய்கிறவர் தைத்தவராக இருக்கக் கூடாது. தன் தையலில் பிழை காண்பது யாருக்கும் கஷ்டம். சோதனைக்குப் பொறுப்பானவர் வயதில் இளையவர் என்றால், "மாமி, இதக் கொஞ்சம் அவிழ்க்க வேணும்" என்று சொல்லக் கூச்சப்படுவார். இந்தக் கூச்சத்துக்கு மருந்து ஓர் அளவுகோலும் ஒரு தராசும்: "நான் சொல்லல்ல மாமி, பிடி 2 சென்ரிமீற்றர் கூட எண்டு கோல் சொல்லுது." எண் பேசினால் மனக்கசப்பு வராது.

புதுப் பொருள் யோசிக்கிற கூட்டத்திலும் இதே தடைதான். தலைவி "நாம கால்மிதி செய்வம்" என்றுவிட்டால் மற்ற ஏழு பேரும் தலையாட்டுவார்கள். எல்லாரும் சேர்ந்திருந்து சத்தமாக யோசித்தால் நிறைய யோசனை வரும் என்ற நம்பிக்கையை யேல் பல்கலைக்கழகத்தில் 1958-இல் நடந்த ஆய்வு சோதித்துப் பார்த்தது. தனித்தனியே யோசித்துப் பிறகு சேர்த்த யோசனைகளே எண்ணிக்கையில் கூட இருந்தன. ஆகவே கூட்டம் தொடங்கும்போது ஆளுக்கொரு பழைய கலண்டர்த் தாளும் பென்சிலும் கொடுத்து, பத்து நிமிடம் யாரும் பேசாமல் கீறச் சொல்ல வேண்டும். எழுத வராதவர் படமாகக் கீறலாம். பெயர் எழுதாமல் தாள்களைக் கலந்து, சுவரில் ஒட்டி, அதற்குப் பிறகுதான் பேச்சு. தெரிந்தெடுத்ததை முதலில் பத்திரிகைத் தாளில் முழு அளவில் ஒட்டி, சந்தைக்குப் போகிற ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். "இது நல்லாத்தான் இருக்கு புள்ள, ஆனா மீன் எங்க வைக்கிற?" என்று அவர் கேட்கிற ஒரு கேள்வி, பத்துப் பேர் யோசித்ததை மாற்றிவிடும். மீனுக்கென்று, யூரியாப் பேக்கின் உள்பொலித்தீன் இல்லாமல், வேறு சுத்தமான பொலித்தீனில் கழற்றிக் கழுவக்கூடிய உள்பை ஒன்று இப்படித்தான் வடிவத்துக்குள் வரும்.

போத்தல் விளக்கு சொன்ன பாடம்

மறுபயன்பாடு என்பது எப்போதும் நல்லது என்று நினைக்கிறவர்களுக்கு இலங்கையே ஒரு மறுப்பு வைத்திருக்கிறது. கரண்ட் இல்லாத காலத்தில் வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் விட்டு, மூடியில் ஓட்டை போட்டுத் திரியிட்ட குப்பிலாம்பு எரியாத வீடு இல்லை. செலவில்லாத நல்ல மறுபயன்பாடுதான். ஆனால் உயரமான இலேசான போத்தல் பூனை தட்டினாலும் சாயும், உருளும், மூடி கழன்று எண்ணெய் கொட்டித் தீப்பிடிக்கும். எரிகாயத்தோடு வந்த நோயாளிகளைப் பார்த்துச் சலித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையான, கனமான, இரண்டு பக்கம் தட்டையான, திருகு மூடி போட்ட கண்ணாடி விளக்கு ஒன்றை வடிவமைத்தார். சாய்ந்தாலும் உருளாது, மூடி கழராது. அதை வார்த்தது பழைய கண்ணாடியை உருக்கித்தான். 1998-இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இரண்டு விளக்குக்கும் மூலப்பொருள் கழிவுக் கண்ணாடியேதான். முதலாவதில் போத்தலின் வடிவம் விளக்கின் வடிவத்தைத் தீர்மானித்தது. இரண்டாவதில் விபத்து எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்து வடிவம் பிறந்தது.

இதே கண்ணோடு பார்த்தால் இணையத்தில் சுற்றுகிற பல யோசனைகள் விழுந்துவிடும். டயரில் பூச்சாடி: அடியில் தண்ணீர் நின்றால் அது டெங்கு நுளம்புத் தொட்டி. கீழ்ச்சுவரில் விரல் நுழையும் அளவில் எட்டு ஓட்டை போட்டு மண் நிரப்பினாலொழிய வேண்டாம். தண்ணீர்ப் போத்தலைக் கீற்றாக்கி விளக்குமாறு: செய்யலாம், பத்துப் போத்தலின் கழுத்தை அறுத்து, தோள் வரை அரைச் சென்ரிமீற்றர்க் கீற்றாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்று செருகினால் கெட்டியான விளக்குமாறு வரும். ஆனால் ஈர்க்கு இலவசமாகக் கிடைக்கிற ஊரில், சீமெந்துத் தரையில் தேய்ந்து தூளாகி மண்ணில் சேர்கிற பிளாஸ்டிக் விளக்குமாறு எதற்கு?

உறைகளுக்கு ஒரு வேலை: போத்தல் ஸ்டூல்

மறுபடி பிஸ்கட் உறைக்கு வருவோம். அதைக் கழுவிக் காயவைத்து, நறுக்கி, தண்ணீர்ப் போத்தலில் இறுக்கி அடைத்தால் செங்கல் மாதிரி ஒரு கட்டி கிடைக்கும். இது மீள்சுழற்சி என்று சொல்வது சரியில்லை, சிதறிக் கிடந்ததை ஓரிடத்தில் பூட்டி வைப்பது, அவ்வளவுதான். ஆனாலும் வேறு வழியில்லாத உறைக்கு இது மோசமான முடிவு இல்லை. பாடசாலைக்கு மிகவும் பொருந்துகிற குழுவேலையும் இதுதான், ஏனென்றால் பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு போத்தல் நிரப்பலாம், தராசு எல்லாருக்கும் ஒன்றே.

அளவு இப்படி. போத்தலின் ஒவ்வொரு மில்லிலீற்றருக்கும் குறைந்தது 0.33 கிராம். ஒன்றரை லீற்றர்ப் போத்தல் நிரம்பியபோது போத்தலோடு சேர்த்து 495 கிராமுக்குக் குறையக் கூடாது. உறை ஒன்று 4 கிராம் என்றால் 120 உறை அளவில் போகும். ஆகவே ஒரு பிள்ளைக்கு ஒரு போத்தல் என்பது ஒரு நாள் வேலை இல்லை, ஒரு தவணை வேலை. அடியில் முதலில் மென்மையான சொப்பிங் பேக் துண்டு, மூலைகளை அது நிரப்பும். பிறகு உறையும் பொலித்தீனும் மாறி மாறி. போத்தல் வாயில் நுழைகிற, நுனி மழுங்கின தடியால் ஓரமாகச் சுற்றி இடிக்க வேண்டும். நடுவில் இடித்தால் ஓரத்தில் காற்றுப்பை மிஞ்சும். கையால் அமுக்கினால் நசியாமல் இருக்க வேண்டும், நசிந்தால் ஸ்டூல் ஆடும்.

கெடுவது ஈரத்தால். ஒரு சொட்டுத் தண்ணீரோ பிஸ்கட் துகளோ உள்ளே போனால் பூஞ்சணம் பிடிக்கும், வாயு கட்டிப் போத்தல் வீங்கும். உறையை வெட்டி விரித்துக் கழுவி, கொடியில் காய்ந்து "சரசர" என்று சத்தம் வந்த பிறகுதான் உள்ளே.

19 போத்தல் சேர்ந்தால் ஸ்டூல். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு: இப்படி அடுக்கினால் இறுக்கமாக அடங்கும். ஒன்றரை லீற்றர்ப் போத்தல் 9 சென்ரிமீற்றர் விட்டம் என்றால் குறுக்கே ஐந்து போத்தல், 45 சென்ரிமீற்றர். ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ பிளாஸ்டிக் ஓர் ஆசனத்துக்குள் அடங்கிவிடும். எல்லாம் ஒரே கம்பனிப் போத்தலாக இருக்க வேண்டும். உயரம் ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசப்பட்டாலும் இருக்கிறவருக்குத் தெரியும். கட்டுவதற்குச் சைக்கிள் ரியூபை 4 சென்ரிமீற்றர் அகல நாடாவாக வெட்டி, நடு ஏழையும் முதலில் கட்டி, பிறகு வெளிப் பன்னிரண்டையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று சுற்று இழுத்துக் கட்ட வேண்டும். ரியூப் இழுபடும் என்பதால் கயிற்றைவிட நல்லது, கயிறு நாளடைவில் தளரும். நைலோன் தங்கூசி அழுத்தத்தில் போத்தலை வெட்டிவிடும். மேலே உரபேக்கில் தைத்து, தையல்கடை வெட்டுத்துண்டு அடைத்த மெத்தை. உயரம் முப்பது சென்ரிமீற்றர் சொச்சம், தரம் 1, 2 பிள்ளைகளின் வாசிப்பு மூலைக்கு அளவு. வெயிலில் வைத்தால் போத்தல் நொறுங்கும், அடுப்படியில் வைத்தால் எரியும். ஆகவே நிழலான வகுப்பறைக்குள் மட்டும்.

விற்ற பிறகு

பைக்கு விலை போடும்போது மூலப்பொருள் சும்மா என்று நினைத்து நூல் விலையை மட்டும் எண்ணுவது வழக்கமான தவறு. சேர்க்கப் போன ஓட்டோக் காசு, கழுவின தண்ணீர், சலவைத்தூள், மெசின் எண்ணெய், முறிந்த ஊசி, எட்டுப் பேரின் மணித்தியாலம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அப்படிக் கூட்டினால் கடையில் விற்கிற புதுப் பொலித்தீன் பையோடு விலையில் போட்டிபோட முடியாது, போட்டிபோடவும் தேவையில்லை. அறுகம்பைக்கும் பாசிக்குடாவுக்கும் வருகிற சுற்றுலாப் பயணி பையின் படத்துக்குக் காசு கொடுப்பார். உள்ளூரில் இதை வாங்குகிறவர் வேறு. அரிசி ஆலை, பலசரக்குக் கடை, கூட்டுறவுக் கடை போன்றவை ஒரே அளவில் ஐம்பது, நூறு என்று எடுக்கும். அவர்களுக்கு அலங்காரம் வேண்டாம், பத்துக் கிலோ தாங்கினால் போதும்.

மருதமுனைக் கைத்தறியும் காத்தான்குடிக் கைத்தறியும் இருக்கிற மாவட்டங்களில் பொலித்தீனைக் கீற்றாக்கித் தறியில் ஊடாக, அதாவது குறுக்கு இழையாக, ஓட்டுவதும் செய்யலாம். பருத்திப் பாவில் (நெடுக்கு இழையில்) இரண்டு சென்ரிமீற்றர் பொலித்தீன் ஊடு விழுந்தால் கெட்டியான மேசைவிரிப்பு வரும். பன்பாய் இழைக்கிற கைகளுக்கு அந்தக் கீற்றைப் பின்னுவது புதிதும் இல்லை. ஆனால் தறிக்காரரின் நேரம் விலை கூட. சாறனும் சேலையும் நெய்து கிடைக்கிற கூலியைக் கொடுக்க முடிந்தால் மட்டும் அவரிடம் போக வேண்டும்.

முதல் இருபது பையை விற்கும்போது ஒவ்வொன்றின் உட்பக்கமும் மார்க்கரால் ஓர் இலக்கமும் தைத்த மாதமும் எழுதி, கொப்பியில் அதே இலக்கத்துக்கு எதிரே யார் தைத்தது, எந்தப் பேக் என்று பதிந்துவைக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து வாங்கினவர்களிடம் போய்ப் பையைத் திருப்பிப் பாருங்கள். அடியும் பக்கத் தையலும் பெரும்பாலும் தாங்கி நிற்கும். போவது பிடியின் முனை, சதுரத் தையலின் கீழ்க்கோடு. அந்த இடத்தில் உள்பக்கமாக 6-க்கு 6 அளவில் ஒரு பேக் துண்டை ஒத்தாசையாக வைத்துத் தைத்தால் பாரம் ஒரு கோட்டில் விழாமல் பரவும். அடுத்த நூறு பையின் அச்சில் அந்தச் சதுரத்தையும் சேர்த்துக் கீறிக்கொள்ளுங்கள், வெட்டுகிறவருக்கு அது பைக்கு அரை நிமிட வேலை.